கண் மருந்தேற்றத்தில் நானோ துகள் ஊர்திகள்

மருந்தைக் கொழுப்பு, பாலிமர் போன்றவற்றால் ஆன மிகச் சிறிய பொதிகளில் ஏற்றி, கண்ணில் நோயுள்ள இடம்வரை கொண்டுசேர்க்கும் முறை இது. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. கண் மருத்துவத்தில் பயன்படும் ஊர்திகள் பெரும்பாலும் 10 முதல் 1,000 நானோமீட்டர் வரை குறுக்களவு கொண்டவை. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்பதை நினைத்தால் இவற்றின் சிறுமை விளங்கும். மேலை நாடுகளில் இத்துறை வளர்ந்தது பெரும்பாலும் உலர்கண் நோயையும் முதுமையில் வரும் விழித்திரைச் சிதைவையும் முன்னிட்டு. மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள வைகைச் சமவெளியிலும் அதற்கான தேவை வேறு: வயலில் வேலை செய்பவர்களின் கருவிழியைத் தின்னும் பூஞ்சைப் புண். இக்கட்டுரை அதையே மையமாகக் கொள்கிறது.

கண்ணின் தடைகள்

வெளியிலிருந்து எட்டிவிடக்கூடிய உறுப்பாகத் தெரிந்தாலும், மருந்து உள்ளே செல்வதற்குக் கண்ணைப்போல் கடினமான இடம் உடலில் குறைவு. இமைக்குள் இயல்பாகத் தங்கும் கண்ணீர் 7 மைக்ரோலிட்டர் அளவே. குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். கீழிமைப் பை இமைக்காமல் தாங்கக்கூடியது ஏறக்குறைய 30 மைக்ரோலிட்டர்தான் என்பதால் மிச்சம் கன்னத்தில் வழிகிறது. தங்கியதும் நிலைப்பதில்லை. ஒவ்வோர் இமைப்பிலும் மூக்கோரத்துக் கண்ணீர்க் குழாய் வழியாகத் தொண்டைக்கு இறங்கிவிடும். சொட்டு விட்ட சிறிது நேரத்தில் நாக்கில் கசப்புத் தட்டுவது இதனால்தான். ஐந்து நிமிடத்துக்குள் பெரும்பகுதி போய்விட, கண்ணுக்குள் சேர்வது நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவு.

சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்ட கருவிழியின் அமைப்பும் ஒரு தடை. அதன் மேற்பரப்பில் ஐந்து முதல் ஏழு அடுக்குச் செல்கள் நெருக்கமாகப் பிணைந்துள்ளன. கொழுப்பில் கரையும் பொருள்களுக்கே அவை வழிவிடும். அதன் கீழே தடிமனில் பத்தில் ஒன்பது பங்காக அமைந்த நடுப்படலம் நீர் நிறைந்தது, நீரில் கரைபவற்றுக்கே இடம் கொடுக்கும். ஒரே மருந்து இரண்டு இயல்பும் கொண்டிருப்பது அரிது. விழித்திரைக்குச் செல்ல வேண்டிய மருந்துக்கோ இரத்த நாளச் சுவர்களே தடை. மாத்திரையாக விழுங்கியதில் மிகச் சிறிதளவே அவற்றைக் கடந்து விழித்திரையை அடையும்.

மதுரைச் சமவெளியும் கருவிழிப் புண்ணும்

அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி (1918–2006), 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை அறுவை சிகிச்சையால் உலகப் புகழ் பெற்ற நிறுவனம் அது. ஆனால் கருவிழிப் புண்ணைப் பற்றி உலகுக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கும் அங்கிருந்தே வந்தது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. பேசப்பட வேண்டியது அதுதான்.

மதுரை மாவட்டத்தில் 1993இல் கருவிழிப் புண் கண்டவர்களின் வீதத்தை ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது அது ஆண்டுக்கு லட்சத்துக்கு 113 என வந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கு லட்சத்துக்கு 11. பத்து மடங்கு வேறுபாடு. அடுத்து, 1994 ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதங்களில் அரவிந்த் மருத்துவமனைக்கு வந்த 434 நோயாளிகளை மு. சீனிவாசனும் அவருடைய குழுவினரும் முறைப்படி ஆராய்ந்தனர். 1997இல் வெளியான அந்தக் கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. புண்ணைச் சுரண்டி எடுத்து வளர்த்ததில் 297 பேருக்குக் கிருமி வளர்ந்தது. அவர்களில் பாக்டீரியா மட்டும் கண்டது 140 பேரிடம், பூஞ்சை மட்டும் கண்டது 139 பேரிடம். இரண்டும் கலந்திருந்தது 15 பேரிடம். எஞ்சிய மூவருக்கு அகாந்தமீபா என்ற அமீபா வகை. பூஞ்சைகளில் ஏறத்தாழப் பாதி ஃபியூசேரியம் இனம், அதற்கடுத்து ஆஸ்பர்ஜில்லஸ். குளிர்நாடுகளில் பூஞ்சைப் புண் அரிய நோய். இங்கே அது பாக்டீரியாவுக்குச் சமமாக நின்றது.

காரணம் வயலில் இருக்கிறது. 434 பேரில் 65.4 விழுக்காட்டினர் கண்ணில் அடிபட்டதைச் சொன்னார்கள். தை அறுவடையும் களத்து வேலையும் நடக்கும் மாதங்கள் அவை. கதிர் அடிக்கும்போது தெறிக்கும் நெல், பதர் தூற்றும்போது பறக்கும் உமி, கரும்புத் தோகையின் ஓரம், மாட்டு வால் வீச்சு, இவற்றில் ஏதேனும் ஒன்று கருவிழி மேற்பரப்பைக் கீறிவிட்டால் போதும். மண்ணிலும் காய்ந்த இலையிலும் வாழும் ஃபியூசேரியம் அந்தக் கீறலில் இறங்கி, மெல்லிய இழைகளாக நடுப்படலத்துக்குள் ஊடுருவும். அடிபட்ட உடனே கண் சிவந்து நீர் வடிந்தாலும் பலர் இரண்டொரு நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு என்று கைக்குக் கிடைத்ததை ஊற்றுவது கிராமங்களில் நெடுநாள் வழக்கம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு அதைவிடக் கேடு, ஏனெனில் அது சிவப்பைக் குறைத்துக் காட்டிக்கொண்டே பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். ஊர்ப்பேச்சில் ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்பது இதைத்தான். நடுக் கருவிழியில் பூ விழுந்தால் அந்தக் கண்ணுக்கு வேலை செய்யும் பார்வை இல்லை. பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் வயதினர் என்பதால் இழப்பு ஒரு கண்ணோடு முடிவதில்லை, குடும்பத்தின் கூலியும் போகிறது.

இந்தப் பூஞ்சைக்கு எதிரான முதன்மை மருந்து நாடாமைசின். தென்னாப்பிரிக்காவின் நாடால் பகுதி மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து 1950களில் பிரித்தெடுக்கப்பட்டது. 1978இல் கண் மருந்தாக அமெரிக்க அனுமதி பெற்றது. பாலாடைக்கட்டியின் மேல் பூஞ்சை பிடிக்காமல் தடவுவதும் இதே பொருளைத்தான். பூஞ்சையின் செல் சவ்விலுள்ள எர்கோஸ்டிரால் என்ற பொருளைப் பற்றிக்கொண்டு அதன் வளர்ச்சியை நிறுத்தும். குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. மூலக்கூறு எடை 665க்கு மேல், நீரில் கரையவும் மறுக்கும். எனவே கரைசலாக அல்லாமல் துகள்கள் மிதக்கும் 5 விழுக்காட்டுத் தொங்கலாகவே விற்கப்படுகிறது. குப்பியைக் குலுக்கிவிட்டுத்தான் சொட்டு விட வேண்டும். விட்டபின் வெண்மையாகப் புண்ணின்மேல் படியும், ஆழத்துக்குச் செல்வது குறைவு. எனவே விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு என வாரக்கணக்கில் விட வேண்டியிருக்கிறது. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ கூலி வேலைக்குச் செல்பவருக்கு இந்த நேர அட்டவணை எவ்வளவு பெரிய சுமை என்பதை மருந்துச் சீட்டு எழுதுபவர்கள் அறிவார்கள்.

வோரிகோனசோல் என்ற புதிய மருந்து கருவிழிக்குள் நாடாமைசினைவிட நன்றாக ஊடுருவும். ஆகவே அதுவே சிறந்ததாக இருக்கும் என்ற நம்பிக்கை 2000த்துக்குப் பின் பரவியது. அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் அரவிந்த் மருத்துவர்களும் சான்ஃபிரான்சிஸ்கோவின் பிராக்டர் கண் ஆய்வு நிறுவனமும். ந. வெங்கடேஷ் பிரஜ்னா முன்னின்று நடத்திய பூஞ்சைப் புண் சிகிச்சைச் சோதனையில் 2010–2011இல் 323 நோயாளிகள் சேர்ந்தனர். முடிவு 2013இல் வெளியானது. நாடாமைசின் பெற்றவர்களுக்கு மூன்று மாத முடிவில் பார்வை, எழுத்துப் பலகைக் கணக்கில், ஏறத்தாழ இரண்டு வரி கூடுதலாக இருந்தது, கருவிழி ஓட்டை விழுவதும் குறைவு. ஃபியூசேரியம் புண்ணில் வேறுபாடு நான்கு வரி. வோரிகோனசோலை மாத்திரையாகச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த இரண்டாம் சோதனை 2016இல் வெளியாகி, மொத்தத்தில் கூடுதல் பலன் இல்லை என்று காட்டியது. ஊசியால் நேரே நடுப்படலத்துக்குள் செலுத்திய சோதனையும் பலன் தரவில்லை. 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் நாடாமைசினை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

நானோ ஊர்தி பற்றிய பேச்சில் இந்தச் சோதனைகள் அடிப்படையானவை. நன்றாக ஊடுருவும் மருந்து தோற்றது, ஊடுருவாத மருந்து வென்றது. ஊடுருவல் மட்டுமே போதாது, பூஞ்சையை அடக்கும் வலிமை மருந்திடமே இருக்க வேண்டும். அப்படியானால் தேடவேண்டியது புதிய மருந்தை அல்ல, வென்ற நாடாமைசினை ஆழத்துக்குக் கொண்டுசெல்லவும் நெடுநேரம் தங்கவைக்கவும் வல்ல ஊர்தியை.

முற்கால வரலாறு

கண்ணில் மருந்தைத் தங்கவைக்க வேண்டும் என்ற எண்ணம் பழையது. சித்த மருத்துவம் கண் நோய்கள் 96 என்று வகுத்து, கலிக்கம், மை எனப் பலவகைக் கண் மருந்துகளைச் சொல்கிறது. கலிக்கம் மூலிகைச் சாறாகவோ உரைத்த விழுதாகவோ கண்ணிலிடப்படுவது. மையைக் குழைக்க நெய்யோ விளக்கெண்ணெயோ சேர்ப்பார்கள். எண்ணெய்ப்பசை கண்ணீரோடு எளிதில் ஓடிவிடாது என்பதை அனுபவத்தால் கண்டிருந்தார்கள். பின்னாளில் மேலை மருத்துவம் களிம்புகளையும், அதன்பின் கூழ்களையும் கொண்டுவந்ததும் இதே காரணத்துக்காக. 1974இல் அமெரிக்காவில் வந்த ஆக்குசெர்ட் என்ற மெல்லிய தகடு, கண் அழுத்த நோய்க்கான பைலோகார்ப்பினை இமைக்குள் இருந்தபடி ஒரு வாரம் கசியவிட்டது. தகடு நழுவி விழுவதும் முதியவர்கள் அதைப் பொருத்தச் சிரமப்பட்டதும் அதன் பரவலைத் தடுத்தன.

நானோ அளவுக்கான பாதை வேறு இரண்டு இடங்களில் பிறந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு அருகே பாப்ரகாம் ஆய்வகத்தில் அலெக் பேங்காம் 1960களின் நடுவில், பாஸ்போலிப்பிட் கொழுப்பு நீரில் தானாகவே நுண்ணிய பைகளாகச் சுருள்வதைக் கண்டார். பின்னர் லிப்போசோம் எனப் பெயர் பெற்றவை இவை. சூரிச்சில் பீட்டர் ஸ்பைசரின் ஆய்வகம் ஏறக்குறைய அதே காலத்தில் பாலிமர் துகள்களில் மருந்தையும் தடுப்பூசிப் பொருளையும் அடைக்கும் வேலையைத் தொடங்கியது. 1981இல் ஸ்மோலின் குழு, ஹெர்பீஸ் வைரசால் வரும் கருவிழி அழற்சிக்கு இடாக்சூரிடின் மருந்தை லிப்போசோமில் ஏற்றி முயலின் கண்ணில் விட்டுப் பார்த்தது. கண்ணில் நானோ ஊர்தியின் வரலாறு இந்த முயல்களிலிருந்து தொடங்குகிறது எனலாம். அதே ஆண்டு ராபர்ட் கர்னி பைலோகார்ப்பினை நுண்ணிய பாலிமர் துகள்களில் ஏற்றினார். கண்ணீரின் கார அமிலத் தன்மையில் அவை கூழாகத் திரண்டு தங்கின.

மதுரைக்கு இந்த வரலாற்றில் ஒரு பக்கவாட்டு இடம் உண்டு. மதுரைப் பல்கலைக்கழகத்தில் எதிர்ப்பாற்றலியல் ஆய்வை வளர்த்த வீ. ரா. முத்துக்கருப்பன், ராபர்ட் அவர்பாக்குடன் சேர்ந்து 1979இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். எலியின் கருவிழியில் புதிய இரத்த நாளங்கள் முளைப்பதை அளக்கும் முறை அது. இரத்த நாளமே இல்லாத தெளிந்த கருவிழியில் ஒரு நாளம் முளைத்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நாள வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களை உயிருள்ள விலங்கில் சோதிக்க இந்த முறை உலகெங்கும் பயன்பட்டது. பின்னர் அவர் அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகளுக்கும் வழிகாட்டினார்.

ஊர்தி வகைகள்

லிப்போசோம்: நீர்ப்பையைச் சுற்றிக் கொழுப்புச் சுவர் அமைந்தது. நீரில் கரையும் மருந்து உள்ளேயும் கொழுப்பில் கரைவது சுவரிலும் தங்கும். கண்ணுக்கென அனுமதி பெற்ற முதல் பெரிய லிப்போசோம் மருந்து 2000இல் வந்த வெர்ட்டிபோர்ஃபின். இது கையின் சிரையில் ஏற்றப்பட்டு, விழித்திரையில் லேசர் ஒளியால் தூண்டப்படுகிறது. பூஞ்சைக்கு எதிரான லிப்போசோம் ஆம்போடெரிசினை இந்தியாவுக்கு ஏற்ற விலையில் உருவாக்கப் பாடுபட்டவர் பிமல் குமார் பச்சாவத். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் ஆய்வைக் கட்டியெழுப்பியவர். லிப்போசோம் பணியைப் பிற்காலத்தில் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நடத்தினார். 2021 மே மாதத்தில் கொரோனாவைத் தொடர்ந்து கருப்புப் பூஞ்சை பரவி, தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியபோது, கண்குழியையும் மூளையையும் தாக்கும் அந்த நோய்க்கு முதல் மருந்தாக இருந்தது லிப்போசோம் ஆம்போடெரிசின். மருந்து கிடைக்காமல் குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்த அந்த வாரங்களில்தான் தமிழ்நாட்டுப் பொதுமக்கள் ஒரு நானோ மருந்தின் பெயரை முதன்முதலாக மனப்பாடமாக அறிந்தார்கள். சாதாரண ஆம்போடெரிசின் சிறுநீரகத்தை வருத்தும், கொழுப்புப் பையில் ஏறியது அந்த நச்சைப் பெரிதும் குறைத்தது.

கைட்டோசான் துகள்கள்: இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் பாலிமர் இது. கண்ணின் மேற்பரப்பிலுள்ள சளிப்படலம் எதிர்மின்னூட்டம் கொண்டது. கைட்டோசான் நேர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒட்டிக்கொள்வதால் மருந்து கண்ணீரோடு எளிதில் போவதில்லை. துகள்கள் முழுதாகக் கருவிழியைத் துளைத்துச் செல்வதில்லை. மேலடுக்குச் செல்களில் தங்கி அங்கிருந்து மருந்தை மெல்லக் கசியவிடும். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் 2012இல் லெசித்தினும் கைட்டோசானும் சேர்ந்த துகள்களில் நாடாமைசினை ஏற்றி முயலின் கண்ணில் சோதித்தது. கண்ணீரிலிருந்து மருந்து வெளியேறும் வேகம், விற்பனையிலுள்ள தொங்கலைவிடப் பன்மடங்கு குறைந்தது. 2014இல் அதே குழு வேறொரு பாலிமரைக் கொண்டு, மருந்தளவையும் ஒரு நாளில் சொட்டு விடும் தடவைகளையும் குறைக்கும் வழியைக் காட்டியது. மதுரைச் சமவெளிக்கு நேராகப் பொருந்தும் இந்திய ஆய்வுகள் இவையே. டெல்லி ஐ.ஐ.டி.யும் ஐதராபாத் எல்.வி.பிரசாத் நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வில் நாடாமைசின், செல்லுக்குள் புகவல்ல சிறு புரதத்துண்டோடு நேரடியாகவே இணைக்கப்பட்டது. அதைத் துகள் என்று கொள்ள முடியாவிட்டாலும் நோக்கம் ஒன்றுதான்.

முயல் ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. அவற்றில் பல, மேலடுக்கு சேதமில்லாத கருவிழியில் நடந்தவை. புண்ணுற்ற கண்ணில் அந்த அடுக்கு ஏற்கெனவே அழிந்திருக்கும். மருத்துவர்கள் நோய் கண்டறியப் புண்ணைச் சுரண்டும்போதே மருந்து இறங்கவும் வழி திறக்கிறது. ஆகவே ஆழத்தில் சிக்கிய பூஞ்சைக்கும், மேலே தோல் மூடிய புண்ணுக்கும்தான் ஊர்தியின் உண்மையான சோதனை. கண் வங்கிக்குத் தானமாக வந்து, மாற்று அறுவைக்குப் பயன்படாமல் போன மனிதக் கண்களை வளர்ப்பூடகத்தில் காத்து மருந்தைச் சோதிக்கும் முறையை மதுரை அரவிந்த் ஆய்வகம் கண் அழுத்த நோய் ஆய்வில் நெடுங்காலமாகக் கையாள்கிறது. இத்துறைக்கும் அது பொருத்தமான களம்.

மைசெல், நுண்பால்மம்: எண்ணெய்த் துளிகளையோ இருதன்மை மூலக்கூறுகளின் உருண்டைகளையோ ஊர்தியாக்குவது. உலர்கண்ணுக்கான சைக்ளோஸ்போரின் பால்மம் 2003இலிருந்து அமெரிக்கச் சந்தையில் உள்ளது. இந்திய நிறுவனமான சன் பார்மா 2018இல் அதே மருந்தின் நானோ மைசெல் வடிவத்துக்கு அமெரிக்க அனுமதி பெற்றது.

விழித்திரையும் புற்றுநோயும்: சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆராய்ச்சிப் பிரிவில் நானோ உயிர்த்தொழில்நுட்பத் துறையே இயங்கியது. குழந்தைகளின் விழித்திரைப் புற்றான ரெட்டினோபிளாஸ்டோமா செல்களைக் குறிவைத்து மருந்தேற்றிய பாலிமர் துகள்கள் அங்கே ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன. புவனேசுவரத்தின் உயிர் அறிவியல் நிறுவனத்தோடு சேர்ந்து அத்துறையினர் 2008இல் எழுதிய, கண் மருந்தேற்றத்தில் நானோ தொழில்நுட்பம் பற்றிய தொகுப்புக் கட்டுரை மாணவர்களுக்கு இன்றும் நல்ல நுழைவாயில்.

பாதுகாப்பு, விலை, இன்றைய நிலை

துகள் பத்து மைக்ரோமீட்டரைத் தாண்டினால் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், நானோ அளவில் அந்தத் தொல்லை இல்லை. நேர்மின்னூட்டம் மிகுந்தால் செல்களுக்குக் கேடு. கிருமிநீக்கத்தின் சூட்டில் லிப்போசோம் சிதையும். பல ஊர்திகளைக் குளிரில் காக்க வேண்டும். கோடை வெயிலில் பேருந்தில் வீடு சேரும் குப்பிக்கு இது சிறிய நிபந்தனை இல்லை. விலையும் அப்படியே. 1992இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், இறக்குமதியில் எட்டாத விலையிலிருந்த கண்ணுள் வில்லையை ஏழைகளுக்கு எட்டும்படி செய்தது. கண் சொட்டு மருந்துகளையும் தயாரிக்கிறது. ஊர்தி ஏறிய நாடாமைசினும் அவ்வாறு உள்ளூரில் தயாராக வேண்டும், தற்போதைய தொங்கலுக்கு நேரெதிரே வைத்து மனிதரில் சோதிக்கப்படவும் வேண்டும்.

மதுரை மாவட்டக் கிராமங்களில் 48,039 பேரைக் கண்காணித்து நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. கிராம சுகாதாரப் பணியாளர்கள், கருவிழி கீறப்பட்ட 374 பேருக்கு எளிய குளோராம்பெனிக்கால், குளோட்ரிமசோல் களிம்புகளை உடனே மூன்று நாள் போட்டனர். புண்ணாக மாறாமல் கீறல்கள் ஆறின. நானோ துகள்களைப் பற்றி எழுதும் நூல்கள் இந்த ஆய்வைக் குறிப்பதில்லை. குறிக்க வேண்டும், ஏனெனில் ஊர்தி தேவைப்படுவது இந்தக் களிம்பு போய்ச் சேராத கண்களுக்குத்தான்.

இந்திய உயிரித் தொழில்நுட்பத் துறை நானோ மருந்துகளை மதிப்பிடும் நெறிமுறைகளை 2019இல் வெளியிட்டது. மதுரையில் பூஞ்சைப் புண்ணுக்கு இப்போதும் முதலில் எழுதப்படுவது 5 விழுக்காட்டு நாடாமைசின் தொங்கலே.